இடது இழுப்பறை

மாலை போட்டிருக்கிறார்கள். செவ்வந்தி மாலை, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம், காலடியில் நான்கு எலுமிச்சம்பழம். பெருந்துறையில் ஏதோ ஒரு சாய ஆலையின் புதுச் சிமெண்டுத் தரையில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது நான் இன்னும் சரி என்று சொல்லாத நீராவிக் கலன். கைப்பேசியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கிறேன், இரண்டு விரலால் படத்தை விரிக்கிறேன், பேருந்து குலுங்குவதால் படம் எங்கோ ஓடிப்போய் எலுமிச்சம்பழத்தைக் காட்டுகிறது, திரும்ப இழுக்கிறேன். மூடிக்குக் கீழே தகட்டில் அடித்த எண். நூற்றுப் பதினாறு. வேறு ஏதாவது எண்ணாக இருக்கக்கூடாதா என்று மறுபடி பார்க்கிறேன். நூற்றுப் பதினாறுதான். கம்பெனிப் பேருந்து முடிச்சூரைத் தாண்டிவிட்டது, குளிர்சாதனம் நேராக என் உச்சந்தலையில் ஊதுகிறது, எனக்கு வேர்க்கிறது. எல்லாருக்கும் பொதுவாக வந்திருக்கும் மின்னஞ்சல், குழுவுக்கு வாழ்த்துகள், இன்று காலை எட்டரை மணிக்கு நல்ல நேரத்தில் ஆவி ஏற்றம், தொடர்புக்குச் சென்னியப்பன், பராமரிப்பு, ஒரு எண். கீழே தரச் சான்றிதழ். அதைத் திறக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே திறந்தேன். பதினேழாவது வெல்டிங் இணைப்பு, ஏற்கப்பட்டது, ஏற்றவர் எஸ்.அமலதாஸ். என் பெயர். நான் போடாத கையெழுத்து, நான் போடுவதைவிடத் தெளிவாக அச்சாகியிருக்கிறது. மணி ஏழு நாற்பத்தாறு.

பதறாதே. முதலில் யோசி. பதினேழாவது இணைப்பில் நீ பார்த்தது என்ன? ஒரு நிழல். வெல்டிங் வைத்த இடங்களை எக்ஸ்ரே எடுப்பார்கள், மனிதருக்கு எடுப்பது போலத்தான், அந்தப் படத்தைப் படித்து இரும்புக்குள் விரிசல் இருக்கிறதா என்று சொல்வது இருபத்தேழு வருஷமாக உன் பிழைப்பு. மூடி உட்காரும் வளையத்தை ஒட்டி மயிரிழை போல ஒரு கறுப்பு. விரிசலாக இருக்கலாம். படம் எடுத்தபோது விழுந்த கீறலாகவும் இருக்கலாம். இந்த மாதிரி படம் வந்தால் திருச்சியில், என் பழைய அரசு ஆலையில், என்ன செய்வேன்? இடது இழுப்பறையில் போடுவேன். அவ்வளவுதான். வலது இழுப்பறை பாஸானவற்றுக்கு, மேசைமேல் இருப்பவை பாஸாகாதவை, இடது இழுப்பறை சந்தேகத்துக்கு. அதற்கு உத்தரவு கிடையாது, சுற்றறிக்கை கிடையாது, எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். என் கையெழுத்து விழாமல் ஆலைக்குள் ஒரு தகடு நகராது. ஒருமணி நேரத்தில் ஷாப்பிலிருந்து ஃபோர்மேன் பாண்டுரங்கன் வந்து நிற்பார், கையில் காகிதத்தில் சுற்றிய வடை இருக்கும். "என்ன சார், எடது பக்கம் போயிட்டம்னு கேள்விப்பட்டேன்." "உக்காருங்க." "உக்காரல்லாம் நேரமில்ல சார், எந்த எடம்னு சொல்லுங்க, நோண்டிப் பாத்துருவோம்." போவோம், அரைத்துப் பார்ப்போம், விரிசல் இருந்தால் மறுபடி வெல்டிங், இல்லாவிட்டால் இரண்டு பேரும் டீ குடிப்போம். யாரும் யாரையும் குற்றம் சொன்னதில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் அங்கே நிறுத்து என்பதற்கு அர்த்தம், அது வாயிற்காவலரிலிருந்து பொதுமேலாளர் வரைக்கும் தெரியும். இருபத்தேழு வருஷம் நான் ஒன்றும் செய்யாமலே எத்தனை கலன்களை நிறுத்தியிருக்கிறேன்.

இங்கே இழுப்பறையே இல்லை. மேசைக்கு அடியில் வெறும் கால்கள். படம் கணினித் திரையில் வருகிறது, கீழே பச்சைப் பொத்தான் ஏற்பு, சிவப்புப் பொத்தான் மறுப்பு. சிவப்பை அழுத்தினால் ஒரு படிவம் திறக்கும், காரணம் என்ன, யார் பொறுப்பு, பட்டியலில் வெல்டரின் பெயரைத் தேர்ந்தெடு, தேர்ந்தெடுக்காவிட்டால் அடுத்த பக்கம் போகாது. பட்டியலில் ஜோதிபாசு என்று இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளி, வாசலில் பார்த்தால் வணக்கம் சொல்வான், அவனுக்கு இந்தக் காலாண்டில் ஏற்கெனவே இரண்டு சிவப்பு விழுந்திருந்தது, மூன்று விழுந்தால் வாசலோடு சரி. சந்தேகத்துக்கு ஒருத்தன் பிழைப்பை எப்படி எழுதுவது? பச்சையும் அழுத்தவில்லை, சிவப்பும் அழுத்தவில்லை, அப்படியே விட்டேன். சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை. விட்டுவிட்டு மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், இடது பக்கம் போட்டாச்சு, இனி அவர்களே வருவார்கள். புதன்கிழமை யாரும் வரவில்லை. வியாழன் வரவில்லை. முற்றத்தில் நீலத் தார்ப்பாய் போர்த்தி ஒரு கலன் நின்றது, நூற்றுப் பதினாறு அதுதான், எனக்காகக் காத்து நிற்கிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேன். போய்த் தார்ப்பாயைத் தூக்கி எண்ணைப் பார்க்க எத்தனை நேரம் ஆகும்? நாலு நிமிஷம். பத்து நாளில் எனக்கு நாலு நிமிஷம் கிடைக்கவில்லை. திருச்சியில் இடது இழுப்பறையில் இரண்டு மாதம் கிடந்த படமெல்லாம் உண்டு, பத்து நாள் எனக்கு ஒரு கணக்கா? ஆனால் இங்கே அந்தப் பத்து நாளில் நூற்றுப் பதினாறுக்கு வண்ணம் அடித்து, லாரியில் ஏற்றி, சேலம் தாண்டி இறக்கி, குழாய் பொருத்தி, மாலையும் போட்டுவிட்டார்கள்.

பக்கத்து இருக்கையில் வடிவமைப்புப் பிரிவில் இருக்கும் யாழினி, என் மகள் வயதுதான் இருக்கும், காதில் செருகியதைக் கழற்றிவிட்டு, "சார், உடம்பு முடியலையா?" என்றாள். என் முகம் எப்படி இருந்ததோ. "ஒண்ணுமில்லம்மா. ஒரு சந்தேகம். கணினில பச்சையும் அழுத்தாம சிவப்பும் அழுத்தாம விட்டா என்னாகும்?" "நாப்பத்தெட்டு மணி நேரம் பாக்கும் சார். அப்புறம் அதுவே அப்ரூவ் பண்ணிக்கும்." "அதுவேன்னா?" "சிஸ்டம். உங்க பேர்ல போயிரும்." எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள். "சேந்த அன்னிக்கே சொல்லிருப்பாங்களே சார், இன்டக்‌ஷன்ல." சொல்லியிருப்பார்கள். முதல் நாள் குளிர்ந்த அறையில் அறுபத்துநான்கு பக்கம் ஓட்டிக் காட்டினார்கள், நான் அப்போது கழுத்துப் பட்டையில் தொங்கிய என் புது அடையாள அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் அமல் என்று மட்டும் போட்டிருந்தது. தாஸ் எங்கே போனது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "டென்ஷன் ஆவாதீங்க சார். எல்லாரும் பாதி அப்படித்தான் விடறோம், எங்க நேரம் இருக்கு? எதாவது வேணாம்னாதான் சொல்லணும். சொல்லலைன்னா வேணும்னு அர்த்தம்." மறுபடி காதில் செருகிக்கொண்டாள். சொல்லலைன்னா வேணும்னு அர்த்தம். இந்தக் கம்பெனியில் சேர்ந்த ஆறு மாதமாக நான் எதற்கெல்லாம் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கினேன், மூன்றாவதிலேயே நிறுத்திவிட்டேன், இன்று ஒன்றே போதும்.

படப்பை. ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் நாற்பது பேரைச் சுமந்துகொண்டு பேருந்து ஊர்கிறது. மணி எட்டு ஐந்து. தரப்பிரிவுத் தலைவர் நிரஞ்சனைக் கூப்பிட்டேன். முப்பத்துநான்கு வயது. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது இங்கே விதி, எனக்கு வாயில் வராது, சார் என்றால் அவருக்கு முகம் சுளிக்கும், அதனால் நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எடுக்கவில்லை. பிறகு எழுதினார், இன்னொரு அழைப்பில் இருக்கிறேன், அவசரமா? அவசரம் என்று அடிக்க வேண்டியதுதானே. என் கட்டைவிரல் என்ன அடித்தது தெரியுமா, 'தங்கள் மேலான கவனத்திற்குப் பணிந்து கொண்டுவரப்படுவது யாதெனில்'. பாதியில் பார்த்தேன், அழித்தேன். 'பார்வையில் கண்ட கலனின் பதினேழாவது இணைப்பு தொடர்பாக'. அழித்தேன். ஆள் சாகலாம் என்பதற்கு என்னிடம் வாக்கியம் இல்லை. நானே மறுபடி அழைத்தேன், இந்தத் தடவை எடுத்தார். "சொல்லுங்க அமல்." சொன்னேன். குழறிக் குழறிச் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார், கெட்டவர் இல்லை. "நீங்க ரிஜெக்ட் பண்ணலையே அமல்?" "பண்ணல." "அப்ப ஓகேதான?" "ஓகேன்னும் சொல்லலீங்க." "வாட்டர் பிரஷர் டெஸ்ட் தாங்கியிருக்கு. வெளி ஆள் வந்து பாத்திருக்காங்க. அது கிராக்தான்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?" தண்ணீர்ச் சோதனையில் தாங்கும், சூடும் ஆவியும் மாறி மாறி ஏறும்போதுதான் அது வாயைத் திறக்கும் என்று சொல்லியிருக்க வேண்டும். "நிச்சயமாத் தெரியாதுங்க, அதனாலதான்..." "நிச்சயமாத் தெரியாத விஷயத்துக்கு வாடிக்கையாளர்கிட்டப் போயி நிறுத்துன்னா நம்ம பேரு என்னாகும்? அதுவும் இன்னிக்கு, திறப்பு நாள்ல? ஆபீஸ் வாங்க, பேசலாம்." பேசலாம். திருச்சியில் ஒரு கோப்பின் ஓரத்தில் அதிகாரி 'பேசவும்' என்று எழுதிவிட்டால் பேசி முடிக்கிறவரை உலகமே நிற்கும். இங்கே நாம் பேசப் போகும்போது எல்லாம் முடிந்திருக்கும். "அப்புறம் அமல், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இன்னும் ஒம்போது நாள்ல உங்க நிரந்தர ஆர்டர் போடணும். இந்த நேரத்துல பத்து நாள் கவனிக்காம விட்டேன்னு நீங்களே வாயால சொல்லாதீங்க." வைத்துவிட்டார். எனக்கு நல்லதைத்தான் சொன்னார், அதுதான் பயமாக இருக்கிறது.

ஒன்பது நாள். என் மனைவி பிலோமினாவின் முழங்காலுக்கு அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி அறுவைச் சிகிச்சை, கம்பெனிக் காப்பீட்டில், நிரந்தரமானவர்களுக்குத்தான் அது. காலையில்கூடக் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து டிபன் டப்பாவை நீட்டினாள், "பாத்துப் போங்க, இங்க யாரும் உங்களுக்கு வடை வாங்கிட்டு வரமாட்டாங்க" என்று கிண்டல் வேறு. அவளுக்கு என்னை அப்படியே தெரியும். திருச்சிக்குத் திரும்பிப் போக வழி இல்லை. விருப்ப ஓய்வுக் கடிதத்தில் நானேதான் எழுதிக் கொடுத்தேன், மீண்டும் பணி கோரமாட்டேன் என்று. குடியிருப்பில் எங்கள் வீட்டில் இப்போது வேறு யாரோ துணி காயப்போடுகிறார்கள். ஏன் வந்தேன்? அங்கே வேலையே இல்லாமல் போனது. வாரத்துக்கு நான்கு படம், பிறகு இரண்டு, கடைசி மழைக்காலத்தில் ஒன்றுமில்லை, பாண்டுரங்கனும் ஓய்வு பெற்றுவிட்டார், இரண்டு இழுப்பறையும் காலி, மின்விசிறி காலண்டரைப் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டு ஆறு மாதம் உட்கார்ந்திருந்தேன். காலண்டர். அதை ஏன் இப்போது நினைத்தாய்? பயிற்சியில் சேர்ந்த வருஷம் எங்களை ஒரு விபத்தைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள், ஏதோ ஒரு மில், ஒரு கலனின் மூடி பிய்த்துக்கொண்டு போயிருந்தது, நாங்கள் போவதற்குள் ஆட்களை எடுத்துப் போயிருந்தார்கள். ரத்தம் கித்தம் ஒன்றும் நான் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர் ஆவியில் நனைந்து, எல்லாத் தேதியும் ஒன்றோடொன்று ஒட்டி, சுவரோடு ஒரு கட்டியாகப் பிடித்திருந்தது. அதைத்தான் பார்த்தேன். முப்பது வருஷமாக அந்தக் காலண்டரை யாரிடமும் சொன்னதில்லை.

உண்மையைச் சொல்லிவிடு அமலதாஸ், இங்கே கேட்க யாரும் இல்லை. ஜோதிபாசுவுக்காகத்தான் சிவப்பை அழுத்தவில்லையா? அவனுக்காகவும்தான். ஆனால் அடுத்த நாள் எழுந்து போய் நிரஞ்சன் மேசையில் நின்று, இதை நோண்டிப் பார்க்க வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே, அதற்கு எந்தப் பட்டியலும் வேண்டாமே. ஏன் சொல்லவில்லை? அவர்கள் வரட்டும் என்று இருந்தேன். யாராவது ஒருத்தர் என் மேசைக்கு வந்து, சார், நீங்க என்ன சொல்றீங்க என்று கேட்க வேண்டும் என்று இருந்தேன். ஆறு மாதமாக யாரும் கேட்கவில்லை. அந்தக் கலனைப் பிடித்து வைத்துக்கொண்டால் கேட்பார்கள் என்று நினைத்தேன். ஒரு வடைக்காக. கர்த்தரே, ஒரு வடைக்காகப் பெருந்துறையில் யாரோ பெற்ற பிள்ளைகளை அந்த மூடிக்குப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டேன். எட்டு முப்பத்தொன்று. ஏற்றத் தொடங்கியிருப்பார்கள். ஒருவேளை வெறும் கீறலாக இருந்தால்? கீறலாகத்தான் இருக்கும். பத்தில் எட்டு கீறல்தான். எட்டா? ஏழு. கீறலாக இருந்து நான் நிறுத்தினால், திறப்பு நாளில் கம்பெனி மானத்தை வாங்கிய கிழவன், ஒன்பதாம் நாள் வேண்டாம், இன்றைக்கே வாசல்தான், பிலோமினா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டே மீதி வருஷங்களைக் கழிப்பாள். விரிசலாக இருந்து நான் நிறுத்தாவிட்டால்? அதை யோசிக்க முடியவில்லை, யோசனை அந்த இடத்துக்குப் போனதும் காலண்டருக்குப் போய்விடுகிறது. மறுபடி கீறலுக்கு வருகிறது. மறுபடி முழங்கால். மறுபடி காலண்டர். ஒரகடம் மேம்பாலத்தில் ஏறி இறங்கும்வரை இந்த மூன்றுக்குள்ளேயே சுற்றினேன், பேருந்து வளாகத்துக்குள் நுழைந்ததைக் கவனிக்கவில்லை, எல்லாரும் இறங்குகிறார்கள், யாழினி என் தோளைத் தொட்டு, "சார், வந்தாச்சு" என்கிறாள். தலையாட்டினேன். எழுந்திருக்கவில்லை. எழுந்து நடந்தால் வாசலில் அட்டையைத் தேய்ப்பேன், கதவு திறக்கும், இருக்கையில் உட்காருவேன், ஒன்றும் செய்யாமல் இருப்பேன். அதில் எனக்கு இருபத்தேழு வருஷப் பயிற்சி.

மின்னஞ்சலில் இருந்த சென்னியப்பனின் எண்ணை அழுத்தினேன். மூன்று மணி அடித்து எடுத்தார்கள். பின்னால் நாதஸ்வரம் ஒலிபெருக்கியில், அதற்குப் பின்னால் ஒரு ஊதல் சத்தம், எனக்குத் தெரிந்த சத்தம். "யாருங்க?" "சென்னியப்பனுங்களா? கலன் செஞ்ச கம்பெனிலருந்து பேசறேங்க. ஆவி ஏத்திட்டீங்களா?" "ஏத்தீட்டு இருக்கறமுங்க. பிரஷர் ரெண்டரை கிலோ தொட்ருச்சு, நாலு வரைக்கும் போகோணும். ஏனுங்க?" "இப்பவே நிறுத்துங்க. ஆவியை இறக்கிருங்க. மூடிப் பக்கத்துல யாரும் நிக்க வேண்டாம்." "என்னங்க சொல்றீங்க? மொதலாளி வந்து சுத்தி நின்னு போட்டோ எடுத்துட்டு இருக்கறாரு." "ஒரு இணைப்புல சந்தேகம் இருக்குங்க. வெல்டிங்ல." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "எங்கிட்ட காயிதம் இருக்குதுங்க. எல்லா எணப்பும் சரின்னு போட்ருக்குது. அமலதாசுன்னு ஒருத்தரு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறாரு. போன்ல யாரோ கூப்புட்டு நிறுத்துன்னா, நான் மொதலாளிகிட்ட என்னன்னு போயிச் சொல்றது? உங்க மேனேசரு சொன்னாரா?" "சொல்லலீங்க." "அப்பறம் நீங்க யாருங்க நிறுத்தச் சொல்றதுக்கு?"

அந்தக் கையெழுத்தை நான் போடவில்லை. அது உண்மை. அதைச் சொன்னால் எந்த விசாரணையிலும் நான் தப்பிக்கலாம், கணினி போட்டது, நான் பச்சையை அழுத்தவே இல்லை, பதிவைப் பாருங்கள். ஆனால் அதைச் சொன்னால் சென்னியப்பன் இன்னும் நாலு கேள்வி கேட்பார், நான் விளக்குவேன், சிஸ்டம் என்பேன், நாற்பத்தெட்டு மணி நேரம் என்பேன், ஊதல் சத்தம் ஏறிக்கொண்டே இருக்கும். அவர் கையில் இருக்கிற காகிதத்தை மறுக்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்தன்தான், அந்தக் காகிதத்தில் இருப்பவன். பிலோமினா, மன்னித்துக்கொள். "நான்தாங்க அமலதாஸ்" என்றேன். "அந்தக் கையெழுத்து என்னுது. தப்பாப் போட்டுட்டேன். சரியாப் பாக்காம போட்டுட்டேன். உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன், இறக்குங்க." கைப்பேசியை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அவர் யாரையோ கத்தினார், "டேய், வால்வை மூட்றா. அண்ணா, அல்லாரும் பின்னால வாங்க, போட்டோவெல்லாம் அப்பறம்." நாதஸ்வரத்தை யாரோ நிறுத்தினார்கள். ஊதல் சத்தம் ஒருமுறை பலமாகிப் பிறகு இறங்கத் தொடங்கியது, இரண்டு, ஒன்றரை, காதாலேயே எண்ணினேன். அது விரிசல்தானா என்று எனக்கு இப்போதும் தெரியாது. அரைத்துப் பார்த்தால்தான் தெரியும். காலியான பேருந்தில் ஓட்டுநர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "சார், எறங்குங்க சார், ஷெட்டுக்கு விடணும்." கையைக் காட்டினேன், ஒரு நிமிஷம். திரையின் மேல் ஓரத்தில் நிரஞ்சன் அழைக்கிறார் என்று வந்து வந்து மறைந்தது.

"எறங்கிருச்சுங்க" என்றார் சென்னியப்பன். குரல் மாறியிருந்தது, கோபம் போலவும் இருந்தது, வேறு ஏதோ போலவும் இருந்தது. "மொதலாளி கேக்கறாரு. எங்க நோட்டுல எழுதோணும், யாரு சொல்லி நிறுத்துனம்னு. முழுப் பேரு சொல்லுங்க, இனிசியலோட." "எஸ்.அமலதாஸ்" என்றேன். "எஸ். அமல தாஸ். தேதி போட்டுக்குங்க, நேரம் எட்டு நாப்பத்தொம்போது." பேனா உரசுவது கேட்டது. அவர் எழுதி முடிக்கும்வரை இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருந்தேன்.